மஞ்சள் சேலைக்காரியும் நானும்

எங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு கலாசார மண்டபமும் அதன் முன்னால் ஒரு பொதுவெளியும் வரப்போவதாகப் பிரதேச சபை அறிவித்தபோது, அதனால் என் வீட்டில் அடுப்பு எரியாமல் போகும் என்று நான் நினைக்கவில்லை. எனக்குத் தோட்டம் நீர்வேலியில். வாழைக்குலைகளைச் சையிக்கிளில் கட்டி மருதனார்மடம் சந்தைக்குக் கொண்டுபோவேன், கொடுத்துவிட்டு வருவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேச்சு அதற்கு முன்பே நின்றுவிட்டது என்று என் மனைவி சொல்லுவாள். கலைகளோடு எனக்கிருந்த தொடர்பு, திருவிழாவில் தவில் நாதஸ்வர மேளச்சமா நடக்கும்போது கடைசி வரிசைக்கும் பின்னால் சையிக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான்.

மண்டபம் வரவிருந்த வெறுங்காணியின் ஓரத்தில் ஒரு மதகு இருக்கிறது. சந்தையால் வரும்போது அதில் சற்று நேரம் இருந்து களை ஆறுவேன். அப்படி இருந்த ஒருநாள், பெரிய தொப்பியும் கழுத்தில் கமராவுமாக ஒரு பெண்பிள்ளை வந்தாள். முப்பது வயது இருக்கும். தாய் தகப்பன் இந்தப் பக்கத்து ஆட்கள், அவள் பிறந்து வளர்ந்தது கொழும்பில். எங்கே மரம் வைப்பது, எங்கே ஆட்கள் இருப்பது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி எங்கே நிற்பது என்று வரைந்து கொடுப்பது அவளுடைய தொழில். சபை அடித்த நோட்டீசில் நிலத்தோற்றக் கலைஞர் என்று போட்டிருந்தார்கள். சந்தியில் அவளைப் பூங்கன்று வைக்கிற பிள்ளை என்றார்கள்.

"அங்கிள், உங்களை ஒரு ஃபோட்டோ எடுக்கலாமா?" என்று கேட்டாள்.

மாட்டேன் என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு அது கிடைக்கவில்லை. கூச்சம் வந்தால் என் வாய் தானாகப் பிரிந்து பற்கள் எல்லாம் வெளியே வந்துவிடும். அறியாதவர்களுக்கு அது சிரிப்பாகத் தெரியும்.

"இவ்வளவு சந்தோசமான ஒரு ஆளை நான் இங்க இன்னும் காணல்ல" என்று சொல்லிச் சொல்லி எடுத்தாள். அவள் சொல்லச் சொல்ல என் கூச்சம் கூடியது. பற்களும் கூடின.

பிறகு ஊர்ச் சனத்தின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் வைத்தார்கள். நான் கடைசி வாங்கில் இருந்தேன். அந்தப் பிள்ளை தன் வரைபடத்தைத் திரையில் காட்டினாள். நாலு பக்கமும் திறந்த வெளி. மருது, வேம்பு, இலுப்பை என்று நல்ல நிழல் மரங்கள். மாரித் தண்ணீர் கடலுக்கு ஓடாமல் நிற்க ஒரு சின்னக் குளம். நிழலில் ஆட்கள் இருப்பதற்குக் கல் வாங்குகள். மண்டபம் எல்லாவற்றுக்கும் பின்னால் அடக்கமாக நின்றது.

"கட்டடம் கடைசியாத்தான் கண்ணில படவேணும்" என்றாள். மேடையில் இருந்த சபைத் தலைவர், தவிசாளரின் முகம் வாடியது. கட்டடத்தில்தான் அவருடைய பெயர்க்கல் வரவிருந்தது.

"மதில் எங்கை பிள்ளை?" என்று ஒருவர் எழும்பிக் கேட்டார்.

"மதில் இல்ல ஐயா. யாரும் எந்தப் பக்கத்தாலயும் வரலாம்."

"எந்தப் பக்கத்தாலையும் வந்தால், பிரதம விருந்தினருக்கு மாலை போட நாங்கள் எந்தப் பக்கம் நிக்கிறது?"

அவள் திரும்பித் திரையில் அந்தப் பக்கத்தைத் தேடினாள். அதைக் கொழும்பில் படிப்பிக்காமல் விட்டிருக்கலாம். அடுத்ததாக எங்கள் சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரர் எழும்பினார். எதையும் பகிடியாகக் கேட்கும் மனிதர். ஆனால் அன்று மெய்யாகவே கவலைப்பட்டுக் கேட்டார்.

"உந்த வாங்குகளுக்கு முதுகு இல்லையே பிள்ளை. அப்ப உபயம் ஆரெண்டு எங்கை எழுதுறது?"

கூட்டமே தலையாட்டியது. எங்கள் பக்கத்தில் கோயில் மின்விசிறியின் இறகிலும் உபயகாரர் பெயர் சுற்றும். பெயர் எழுத இடமில்லாத வாங்கை யார் கொடுப்பார்கள்? அவள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். நன்றியுரை அவளுடைய விளக்கத்தைவிட நீளமாக இருந்தது.

சில கிழமைகளில் சந்தியில் ஒரு வீட்டுச் சுவர் அளவுக்குப் பலகை நிறுத்தினார்கள். அதைத் திறந்துவைக்கவும் நாடா வெட்டினார்கள். வரப்போகும் பொதுவெளி எப்படி இருக்கும் என்று காட்டுகிற படம். மரங்கள் ஏற்கெனவே வானளவு வளர்ந்திருந்தன. ஒரு வெள்ளைக்காரி நாயோடு ஓடிக்கொண்டிருந்தாள். பலூனோடு ஒரு குழந்தை. குளத்துக்கு மேலே நாரைகள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு கல் வாங்கில், வாழைக்கறை பிடித்த சேட்டும் சாறமுமாக நான் இருந்தேன். முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

சந்தையால் வந்த நான் சையிக்கிளை விட்டு இறங்காமலே திருப்பினேன். ஆனால் கடைக்காரர் கண்டுவிட்டார்.

"அண்ணை! என்ன தனிய வந்திருக்கிறியள்? அக்கா ஐஸ்கிறீம் குடிச்சு முடியேல்லையோ?"

"அது நானில்லை" என்றேன்.

"பல்லு உங்கடைதானே?"

கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னேரத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு ஊர் கிடைத்துவிட்டது. ஒருவர் வவுனியா என்றார். இன்னொருவர் தான் அவளைப் பரந்தன் பஸ்சில் கண்டதாகச் சொன்னார். படம் முழுக்கப் பொய் என்று அவர்களுக்குத் தெரியும். நாரைகளை ஒருவரும் நம்பவில்லை. அந்தப் பெண்ணை மட்டும் நம்பினார்கள்.

பகிடியோடு போயிருந்தால் நான் அந்தச் சந்தியை விட்டு வேறு ஒழுங்கையால் போய்வந்திருப்பேன். ஆனால் அந்தக் கிழமைதான் என் மகளின் கலியாணப் பேச்சு முற்றிக்கொண்டிருந்தது. மகள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளைப் பெடியன் தென்மராட்சி, மின்சார வேலை. சாதகம் பொருந்தியது. சாதகத்துக்கு முன்பே இருவரும் தொலைபேசியில் பொருந்தியிருந்தார்கள் என்பது எனக்கும் தெரியும், தெரியாததுபோல இருந்தேன். பெடியனின் தாய், நல்ல காரியம் என்று, மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தச் சனிக்கிழமை வாடகைக்கு வான் பிடித்துப் போயிருக்கிறா. போகிற வழி எங்கள் சந்தி. போகும்போது பலகையைப் பார்த்தா. திரும்பி வரும்போது வானை நிற்பாட்டிப் பார்த்தா.

அடுத்த நாள் கலியாணத் தரகர் மோட்டார் சையிக்கிளில் வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். அவர் தேத்தண்ணி வேண்டாம் என்றால் பேச்சுக் குழம்பிவிட்டது என்று அர்த்தம்.

"பெடியன்ரை தாய் ஒரு கேள்விதான் கேட்கிறா. தேப்பன் இருக்கிற வாங்கிலை இருக்கிறது ஆர்? அது தெரிஞ்சாப் பிறகு மிச்சத்தைக் கதைப்பமாம்."

"ஆரெண்டு எனக்கும் தெரியாது" என்றேன்.

"உதைச் சொன்னியளெண்டால் இன்னும் மோசம், அண்ணை."

நான் இரண்டு நாளாக அந்தப் பலகையைத் தூர நின்று பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். அதைத் தரகரிடம் சொன்னேன். என்னுடைய நிழல் மேற்குப் பக்கம் விழுகிறது, அவளுடைய நிழல் கிழக்குப் பக்கம். நான் இருந்தது காலமை, அவள் இருந்தது பின்னேரம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அங்கே இருந்திருக்கவே முடியாது.

தரகர் என்னைக் கவலையோடு பார்த்தார். "நிழலைக் கொண்டுபோய் நான் தென்மராட்சியிலை காட்டுறதோ?"

மகள் அறைக்குள் இருந்தாள். அவளுடைய தொலைபேசி அன்று அடிக்கவில்லை. அது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மனைவி அன்று சமைக்கவில்லை. அவள் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். வேறொரு வீடு வைத்திருக்கிற அளவுக்கு எனக்கு வாய் இல்லை. பொழுதுபட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தப் பிள்ளை என்ன சொல்லி உங்களைச் சிரிக்கவைச்சவள்? எனக்கு இவ்வளவு காலமா ஏலேல்லையே."

"அது சிரிப்பில்லையப்பா, கூச்சம்" என்றேன்.

"என்னோடை உங்களுக்கு ஒருநாளும் கூச்சம் வரேல்லையோ?"

இதற்கு நான் என்ன சொன்னாலும் பிழை. காலையில் மனைவி சேலை மாற்றிக்கொண்டு சபைக்குப் புறப்பட்டாள். நான் பின்னால் போனேன், வழியில் கண்ட தரகரும் கூடவந்தார்.

"என்ரை மனுசனை ஆரைக் கேட்டு உங்கை இருத்தினனீங்கள்?" என்று தவிசாளரிடம் நேரே கேட்டாள்.

"அம்மா, அது மாதிரிப் படம். உண்மை ஆக்கள் இல்லை."

"அப்ப மாதிரிக்கு உங்கடை முகத்தை வைக்கிறதுதானே?"

தவிசாளர் எழும்பி யன்னலால் சந்திப் பக்கம் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது என்று நான் பயந்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் விளங்கியது.

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். பாவம், அழுகிற முகத்தோடு வந்தாள். மஞ்சள் சேலைப் பெண் யாரென்று அவளுக்கும் தெரியாது. கண்டியில் வேறொரு பூங்காவுக்காக எடுத்த படத்திலிருந்து வெட்டி ஒட்டியதாம். மரம் எவ்வளவு உயரம், வாங்கு எவ்வளவு உயரம் என்று பார்ப்பவர்களுக்கு விளங்குவதற்காகத்தான் ஆட்களை ஒட்டுவது வழக்கம் என்றாள்.

"அளவுக்கெண்டால் ஒரு தடியை நட்டிருக்கலாமே, பிள்ளை" என்றாள் மனைவி.

"சொறி அன்ரி. நான் இப்பவே அங்கிளை எடுத்துவிடுறன்."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் கூடவந்த தரகர் கையை உயர்த்தினார்.

"அண்ணையை எடுத்தால், மெய்யாவே அங்கை இருந்தவர் எண்டு ஆகிடும். அவளை எடுத்தால், ஒளிச்சு வைச்சிருக்கினம் எண்டு ஆகிடும். ஒரு வழிதான் இருக்கு. அவள் இருந்த இடத்திலை அக்காவை இருத்துங்கோ. வாங்கிலை இருந்தது மனுசிதான் எண்டு நான் அங்கை போய்ச் சொல்லுறன்."

மனைவி ஒத்துக்கொண்டாள். ஆனால் வீட்டுச் சேலையோடு சந்தியில் இருக்க மாட்டாள். கூறைச் சேலை கட்டி, அட்டியல் போட்டு, கொண்டையில் பூ வைத்து, எங்கள் முற்றத்தில் கதிரையில் இருந்தாள். அந்தப் பிள்ளை எவ்வளவு கேட்டும் சிரிக்கவில்லை. அடையாள அட்டைக்கு இருப்பதுபோல நேரே பார்த்தாள். கையில் ஐஸ்கிறீம் வேண்டாம் என்றதால் பிள்ளை அங்கே ஒரு கைப்பையை வைத்தாள்.

இரண்டாவது பலகை வந்தது. ஒரு பக்கத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, மறுபக்கத்தில் மனைவி வழக்குக்குச் சாட்சி சொல்ல வந்தவள்போல இருந்தாள். ஊர் ஒத்துக்கொண்டது.

"இப்பத்தான் சரி. இப்பத்தான் புருசன் பெண்சாதி மாதிரிக் கிடக்கு" என்றார் கடைக்காரர்.

மஞ்சள் சேலைக்காரி குளத்தோரம் மாற்றப்பட்டிருந்தாள். அங்கேயும் ஐஸ்கிறீம்தான் குடித்துக்கொண்டிருந்தாள். புதிதாகத் தவிசாளரும் படத்தில் பின்னால் மாலையோடு நின்றார். தரகர் இரண்டாவது பலகையைத் தொலைபேசியில் படம் பிடித்துத் தென்மராட்சிக்கு அனுப்பினார். நேரில் வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

அவர்கள் வருவதற்குள் ஊர் விழித்துக்கொண்டது. தோட்டக்காரனும் பெண்சாதியும் முன்னுக்கு இருக்கலாம், ஊருக்கு உழைத்தவர்கள் இருக்கக்கூடாதா என்று கேள்வி வந்தது. இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் தன் படத்தைக் கொடுத்தார். வாசிகசாலைத் தலைவர் கொடுத்தார், அதனால் செயலாளரும் கொடுத்தார். கனடாவிலிருந்து ஒருவர், வாங்கு ஒன்றின் முழு உபயத்தையும் ஏற்பதாகவும், அதில் தன் காலஞ்சென்ற தகப்பனார் இருக்க வேண்டும் என்றும் எழுதினார். அதன் பிறகு காலஞ்சென்றவர்கள் வரத் தொடங்கினார்கள். சிலருக்குச் சட்டம் போட்டு மாலை சாத்திய சுவர்ப் படம்தான் இருந்தது. மாலையைப் பிரித்தெடுக்க முடியாமல் மாலையோடே உலாவவிட்டார்கள். கடைக்காரர் ஒரு தட்டில் தேத்தண்ணியோடு நின்றார். அது அவருக்கு விளம்பரம்.

இத்தனை பேருக்கு இடம் வேண்டும். முதலில் வெள்ளைக்காரியும் நாயும் போனார்கள். நாரைகள் போயின. மஞ்சள் சேலைக்காரியும் போனாள். அவளுக்காகக் கதைக்க இந்த ஊரில் ஒருவரும் இருக்கவில்லை. எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது, ஆனால் நான் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூன்று குடும்பங்கள் நிற்பதற்காகக் குளத்தை மண்போட்டு நிரப்பினார்கள். வேம்பு அதிபரின் நெற்றியை மறைத்தது, வெட்டினார்கள். இலுப்பை ஒரு காலஞ்சென்றவரை மறைத்தது, அதையும் வெட்டினார்கள். மூன்றாவது பலகையில் மரம் என்று ஒன்றும் இல்லை. கட்டடம் முழுக்கத் தெரிந்தது.

இதெல்லாம் படத்தில்தானே என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் எல்லோரும் ஒத்துக்கொண்ட பலகை அதுதான் என்பதால், அதையே முடிந்த வரைபடமாகச் சபை ஏற்றுக்கொண்டது. படத்தில் இருப்பதுதான் நிலத்திலும் வரும், படத்தில் இல்லாத மரத்தை நிலத்தில் வைக்க முடியாது என்று முடிவாயிற்று.

அந்தச் செய்தி வந்த அன்று அந்தப் பிள்ளை மதகில் வந்து இருந்தாள். நான் மற்றத் தொங்கலில் இருந்தேன். யாராவது படம் எடுக்கிறார்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

"அங்கிள், நான் இங்க வரைஞ்சது நிழல் மட்டும்தான்" என்றாள். "அதைத்தான் எல்லாரும் எடுத்துட்டாங்க."

என்னால்தானே தொடங்கியது என்று சொல்ல நினைத்தேன். பல்லைக் காட்டினேன்.

ஒரு நல்ல நாள் பார்த்துப் பெடியன் வீட்டார் வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வர முதல் வானைச் சந்தியில் நிற்பாட்டினார்கள். தரகர், தவிசாளர், அந்தப் பிள்ளை, கடைக்காரர், நாங்கள் எல்லோரும் பலகைக்குக் கீழே நின்றோம். மகள் வீட்டில் சேலையோடு காத்திருந்தாள். பெடியனின் தாய் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலில் என் மனைவியைப் பார்த்தா, பிறகு பலகையில் இருந்த என் மனைவியைப் பார்த்தா.

"ஓம். மனுசிதான். முகத்திலையே தெரியுது" என்றா.

எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவ கண்ணாடியைக் கழற்றவில்லை.

"உங்கடை ஊர் முழுக்க உங்கை நிக்குது. செத்ததுகளும் நிக்குது. நாளைக்குச் சம்பந்தம் ஆகப்போற ஆக்கள் நாங்கள். எங்களிலை ஒரு குருவியைக் காணேல்லையே?"

"அதுக்கென்ன அக்கா, போடுவிப்பம்" என்றார் தரகர்.

"எங்கை போடுவியள்? கடைசியிலை, செத்தவைக்குப் பின்னாலையோ?"

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். ஒரு சாண் இடம் இல்லை. அதிபரை நகர்த்தலாமா என்று தவிசாளர் மெதுவாகக் கேட்டார். கடைக்காரர், அவரை நகர்த்தினால் அவருடைய மாணவர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்றார். கனடாவின் தகப்பனாரைத் தொடவே முடியாது, வாங்கு அவருடையது. தாய் திரும்பி வானைப் பார்த்தா. என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"நான் எழும்புறன்" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. கடைக்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார். நான் எழும்பினால் வாங்கில் பெடியனின் தாயும் தகப்பனும் என் மனைவியோடு இருக்கலாம், முன்வரிசை. தாய்க்கு அது பிடித்துக்கொண்டது. ஆனால் அவ எதையும் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை.

"அப்ப பொம்பிளையின்ரை தேப்பன் எங்கை போயிட்டார் எண்டு சனம் கேட்குமே? அவரும் எங்கையேன் நிக்கத்தானே வேணும்."

அந்தப் பிள்ளை என்னிடம் வந்தாள். அவ்வளவு பலகை வந்தும் அப்போதுதான் முதன்முதலாக ஒருவர் என்னைக் கேட்டார்.

"அங்கிள், உங்களுக்கு எங்க நிக்க விருப்பம்?"

"ஒரு மரத்தை வையும், பிள்ளை. நான் அதுக்குப் பின்னாலை நிக்கிறன்."

அவள் குறிப்புப் புத்தகத்தை எடுத்தாள். "என்ன மரம்?"

"ஆள் மறையக்கூடிய மரம்."

"மருது காணுமா?"

"காணும்."

மரத்துக்கு இடம் ஏது என்று தவிசாளர் தொடங்கினார். பெடியனின் தாய் அவரை ஒரு பார்வை பார்த்தா. சம்பந்தியின் மரத்துக்கு மாட்டேன் என்று சொல்ல எங்கள் பக்கத்தில் ஒரு சபைக்கும் துணிவு இல்லை. மாலையோடு நின்ற தவிசாளர்தான் இரண்டடி இடப்பக்கம் நகர வேண்டி வந்தது. படத்தில் வந்த மரம் நிலத்திலும் வரவேண்டும் என்பது அவர்களே எடுத்த முடிவு. மண்டபத்துக்கு அத்திவாரம் வெட்டிய கிழமையில் அந்தப் பிள்ளை தானே ஒரு மருதங்கன்றைக் கொண்டுவந்து நட்டாள்.

கலியாணம் தையில். நாலாவது பலகையில் சம்பந்திகளும் என் மனைவியும் வாங்கில் நெருங்கி இருக்கிறார்கள், மூவரும் நேரே பார்த்தபடி. அவர்களுக்குப் பின்னால் ஒரு மருது நல்ல மொத்த அடிமரத்தோடு நிற்கிறது. அந்தப் பக்கத்தால் என் சாறத்தின் கரை மட்டும் தெரிகிறது. மகள் பாலர் பாடசாலைக்குப் போகும்போது அதைத் தன்னோடு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவாளாம். "உதுதான் எங்கடை அப்பா" என்று அவள் சொன்னால், குழந்தைகள் மரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகின்றனவாம்.